கோடையில் படித்தவற்றையும் பார்த்தவற்றையும் பற்றிச் சொந்தக் கருத்து எழுதுவது எப்படி?

சென்னையில் ஏப்ரல் மாதம் தேர்வுகள் முடிந்ததிலிருந்து ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் வரை ஏழெட்டு வாரங்கள் கிடைக்கின்றன. அவற்றின் நடுவே, மே 4 அளவில் தொடங்கி மே 28 அளவில் முடியும் கத்திரி நாட்களில், பகல் பதினொன்றிலிருந்து கடற்காற்று எழும் மாலை வரை வெளியே தலைகாட்ட முடியாது. இந்த அடைபட்ட மணி நேரங்களில்தான் எங்கள் மேற்கு மாம்பலம் வீட்டில் ஆண்டின் பெரும்பகுதி வாசிப்பு நடக்கிறது. ஜனவரிப் புத்தகக் காட்சியில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த பைகள் அப்போதுதான் பிரிக்கப்படுகின்றன. வாரம் ஒரு படமாவது பார்க்கப்படுகிறது. ஆனால் ஜூன் மாதத்தில் ஒருவர் வந்து, இந்த விடுமுறையில் என்ன படித்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், இரண்டு பெயர்களும் “நன்றாக இருந்தது” என்ற சொல்லும் மட்டுமே நாவில் வருகின்றன. அந்த நிலை எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. அதிலிருந்து மீண்டு, ஒவ்வொரு கோடையின் முடிவிலும் நான்கைந்து பக்கங்களுக்கு ஒரு கட்டுரை எழுதும் அளவுக்கு வந்த வழியை, அதே ஆசை உள்ளவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

முதலில் வேண்டியது நாற்பது பக்க நோட்டு ஒன்றும், படித்த அன்றும் பார்த்த அன்றும் உறங்குவதற்குள் எழுதிவிடுவது என்ற உறுதியும். நாளை எழுதலாம் என்று விட்டால் கதை நினைவில் இருக்கும், அது உங்களிடம் ஏற்படுத்திய மாற்றம் நினைவில் இருக்காது. ஓர் ஆண்டு நான் ஏப்ரலில் படித்த நாவலைப் பற்றி ஜூனில் நினைவிலிருந்து எழுதினேன். அதே காலத்தில் பார்த்த ஒரு படத்தின் காட்சியை அந்த நாவலில் படித்ததாகவே எழுதியிருந்தேன் என்பதை, நாவலை நன்கு அறிந்த தோழி ஒருத்தி சுட்டிக்காட்டிய பிறகுதான் உணர்ந்தேன். அன்று முதல் தேதி, படித்த இடம், ஒரே மூச்சில் படித்தேனா விட்டு விட்டுப் படித்தேனா என்ற விவரம், மனத்தில் தங்கிய ஏதேனும் ஒரு பக்கத்தின் எண் ஆகிய நான்கையும் தவறாமல் குறித்துக்கொள்கிறேன். திரைப்படமாக இருந்தால் பக்க எண்ணுக்குப் பதிலாக ஒரு காட்சியை இரண்டு வரிகளில் எழுதுகிறேன்.

இந்தக் குறிப்பை எழுதி முடிக்கும் வரை பிறர் கருத்து எதையும் படிக்காதீர்கள், கேட்காதீர்கள். நம் ஊரில் வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் படத்தைப் பற்றிய தீர்ப்பு கைப்பேசியில் வந்து விழுந்துவிடுகிறது. “இரண்டாம் பாதி இழுவை” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், இரண்டாம் பாதியை நீங்கள் அந்தச் சொல்லின் வழியாகத்தான் பார்ப்பீர்கள். பிறகு உங்கள் கருத்து எங்கே முடிகிறது, அதைச் சொன்னவருடையது எங்கே தொடங்குகிறது என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் குறிப்பு எழுதப்பட்ட பிறகு எத்தனை விமர்சனங்களை வேண்டுமானாலும் படிக்கலாம்; மனம் மாறினால் முதல் வரியை அடிக்காமல் அதன் கீழே புதிய தேதியிட்டு எழுதுங்கள். மாறிய கருத்தும் மாறாத கருத்தும் அடுத்தடுத்து இருப்பது கட்டுரை எழுதும்போது மிகவும் உதவும்.

இடத்தைக் குறிக்கச் சொல்வதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மே மாதத்து இரண்டு மணி வெயிலில் பேருந்திலிருந்து இறங்கி, வியர்வை வழியக் குளிரூட்டப்பட்ட அரங்கின் இருட்டுக்குள் நுழையும் ஒருவருக்கு, திரையில் என்ன ஓடினாலும் முதல் அரை மணி நேரம் இன்பமாகத்தான் இருக்கும். அந்த இன்பம் வெயிலிலிருந்து தப்பியதால் வந்தது. அதைப் படத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இதற்கு நேர்மாறான அநீதியும் நடக்கும். மின்சாரம் போன பிற்பகலில், விசிறி நின்ற அறையில், கழுத்தில் ஈரத்துண்டுடன் படிக்கப்பட்ட எத்தனையோ நல்ல சிறுகதைகள் சலிப்பூட்டுகின்றன என்ற பழியைச் சுமந்திருக்கின்றன. எனக்கு ஒரு புத்தகம் அலுத்துப்போனால், குறிப்பேட்டில் இடத்தைப் பார்ப்பேன். புழுக்கமான பிற்பகல் என்று எழுதியிருந்தால், கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அதை எடுத்துச் சென்று, சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கான பகுதியில் அமர்ந்து இன்னும் முப்பது பக்கங்கள் படித்துப் பார்ப்பேன். அங்கும் அலுத்தால் அது புத்தகத்தின் குறை என்று துணிந்து எழுதுவேன்.

எதைப் படிப்பது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழும்பூரில் 1896 முதல் இயங்கிவரும் கன்னிமாரா பொது நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். உங்கள் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ வார இதழிலிருந்து கிழித்துப் பைண்டு செய்யப்பட்ட தொடர்கதை ஒன்று இருந்தால் அதைக் கோடைக்கென்று எடுத்து வையுங்கள். ஓவியங்களும், அந்தக் காலத்துச் சோப்பு விளம்பரங்களும், பக்க ஓரத்துத் துணுக்குகளும் சேர்ந்த வாசிப்பு அது. அதைப் பற்றிக் கருத்து எழுதும்போது மட்டும் ஒன்றை மறக்கக் கூடாது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு திடுக்கிடலில் முடிவதும், அடுத்தது முன்கதையைச் சற்றே நினைவூட்டித் தொடங்குவதும், ஒரு வாரம் காத்திருந்த வாசகருக்காகச் செய்யப்பட்டவை. நாம் மூன்றே நாட்களில் படித்துவிட்டு “கூறியது கூறல்” என்று குறை சொன்னால் அந்த எழுத்தாளருக்கு நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயங்கள் என்று அளந்து படித்துப் பாருங்கள், உங்கள் கருத்தே வேறாக இருக்கும்.

இனி எல்லோருக்கும் கடினமாக இருக்கும் பகுதிக்கு வருகிறேன். கருத்து இருக்கிறது, அதற்குச் சொல் கிடைக்கவில்லை. அருமை, சூப்பர், வேற லெவல், மொக்கை, பரவாயில்லை, விறுவிறுப்பு, யதார்த்தம், நல்ல முயற்சி என்று ஒரு பத்துச் சொற்களுக்குள் நம் எல்லோருடைய கருத்தும் சுற்றிச் சுற்றி வருகிறது. இவை தவறான சொற்கள் அல்ல, பேச்சில் இவை போதும். எழுத்தில் இவை போதாததற்குக் காரணம், எந்தப் படத்துக்கும் எந்தப் புத்தகத்துக்கும் இவற்றை மாற்றி மாற்றி ஒட்டலாம் என்பதுதான்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகளுக்குப் பன்னிரண்டு வயது. தனக்கும் ஒரு நோட்டு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு, முதல் நாள் தான் படித்த சிறுவர் கதைக்குக் கீழே “சூப்பர்” என்று ஒரே சொல்லை எழுதிவைத்தாள். அதை நான் திருத்தவில்லை. “எந்த இடத்துல நிறுத்தித் திரும்பப் படிச்சே?” என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “பெரியம்மா, அந்தப் பாட்டி ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போடாமலே தூங்குவாங்கல்ல, ஓடிப்போன பேரன் வந்தா தட்ட வேண்டாம்னு, அங்கதான்” என்றாள். அப்படியே எழுதச் சொன்னேன். அவளுடைய குறிப்பேட்டின் மிகச் சிறந்த வரி இன்றும் அதுதான். பெரியவர்களுக்கும் இதே கேள்வி பயன்படும். எங்கே நிறுத்தினேன், எங்கே திரும்பப் போனேன், திரையரங்கில் எந்தக் காட்சியில் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தேன் என்று கேட்டுக்கொண்டால், கருத்து தானாக ஓர் இடத்தில் வந்து நிற்கும்.

இதற்கு மேலும் துல்லியம் வேண்டுவோர் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறக்கலாம். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கிறது என்றும் அந்த நூல் வகுத்துவைத்திருக்கிறது. (வெகுளி என்பது அங்கே சினத்தைக் குறிக்கும், இன்று நாம் சூதறியாதவரை அப்படிச் சொல்வது வேறு வழக்கு.) பழைய இலக்கணம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு படத்தில் சிரித்தேன் என்று எழுதுவதற்கு முன்பு, அந்தச் சிரிப்பு எள்ளலால் வந்ததா, இளமையால் வந்ததா, பேதைமையால் வந்ததா, மடனால் வந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம் நகைச்சுவைக் காட்சிகளில் ஒருவருடைய நிறத்தையோ உடல்வாகையோ காட்டி வரவழைக்கப்படும் சிரிப்பு எள்ளல். குழந்தையின் மழலையைக் கேட்டு வரும் சிரிப்பு இளமை. ஒருவர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் அப்படியே நம்பி நடக்கும் பாத்திரம் நம்மைச் சிரிக்க வைத்தால் அது மடன். இந்தப் பாகுபாட்டைச் செய்து பார்த்த பிறகு, நான் மிகவும் ரசித்ததாக எண்ணியிருந்த ஒரு படத்தில் ஏறத்தாழ எல்லாச் சிரிப்பும் எள்ளலாகவே இருந்ததைக் கண்டு, அதன்மீதிருந்த என் மதிப்பைக் குறைத்துக்கொண்டேன்.

அழுகைக்கும் அப்படியே நான்கு காரணங்கள். பிறரால் இகழப்படும் இளிவு, உயிரையோ உறவையோ பொருளையோ இழக்கும் இழவு, முன்பிருந்த நிலையிலிருந்து தாழும் அசைவு, இல்லாமையாகிய வறுமை. “படம் முழுக்க அழுதேன்” என்று சொல்பவர், சாவு காட்டப்பட்டதால் அழுதாரா, வாழ்ந்து கெட்ட ஒருவர் பழைய வேலையாள் முன்னால் நிற்க நேர்ந்ததால் அழுதாரா என்பதைப் பிரித்து எழுதினால், அந்த ஒரு வரியே வாசகருக்குப் படத்தின் தன்மையைச் சொல்லிவிடும். எனக்கு அசைவால் வரும் அழுகைதான் நெடுநாள் தங்குகிறது என்பதை இப்படிக் குறித்துக் குறித்தே தெரிந்துகொண்டேன். உங்களுக்கு வேறாக இருக்கலாம். பத்துக் குறிப்புகள் சேர்ந்ததும் உங்கள் ரசனையின் சாய்வு உங்களுக்கே புலப்படும்.

ஒரு நாவலையும் அதிலிருந்து எடுக்கப்பட்ட படத்தையும் ஒரே கோடையில் அடுத்தடுத்துப் படித்துப் பார்ப்பது, கருத்து எழுதப் பழகுபவருக்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த பயிற்சி. இரண்டையும் நடுவே ஒரு வாரம் விட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நாவலை முதலில் படியுங்கள், ஏனெனில் படத்தைப் பார்த்துவிட்டால் பாத்திரங்களுக்கு நடிகர்களின் முகம் வந்து ஒட்டிக்கொள்ளும். நான் இதைப் பூமணியின் ‘வெக்கை’யையும் (1982) அதை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கிய ‘அசுரன்’ படத்தையும் (2019) வைத்துச் செய்தேன். கொலை செய்துவிட்ட ஒரு சிறுவனும் அவனுடைய தந்தையும் ஊரைவிட்டு வெளியேறிக் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரியும் சில நாட்களே நாவல். கொலையோடுதான் அது தொடங்குகிறது. அதன் பிறகு நடப்பதும் ஒளிவதும், கிடைத்ததைச் சமைத்து உண்பதுமாக, சிறுவனின் பக்கத்திலேயே நம்மை நிறுத்திவைக்கிறது. படமோ தந்தையை நடுவில் நிறுத்தி, அவருடைய இளமைக் காலத்தை நீண்ட பின்கதையாக விரித்து, அந்த வேடத்தில் நடித்த தனுஷுக்குத் தேசிய விருதும் பெற்றுத் தந்தது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் “நாவல் அளவுக்குப் படம் இல்லை” என்றோ “படம் நாவலைத் தாண்டிவிட்டது” என்றோ எழுதி முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக, ஏதேனும் ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, அந்த மாற்றத்தால் எனக்குக் கிடைத்தது என்ன, கைவிட்டுப்போனது என்ன என்று எழுதுங்கள். என் குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்: “படத்தில் தந்தையின் கடந்த காலம் தெரிந்ததும் அவருடைய பொறுமைக்குப் பொருள் கிடைத்தது, அவர் கைஓங்கும்போது நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். நாவலில் நான் எங்கும் நுனிக்கு வரவில்லை. ஆனால் அப்பனும் மகனும் பொழுதைக் கழிக்கும் அந்தச் சாவகாசத்துக்குள் பயம் ஊறிக்கொண்டே இருந்தது, படத்தில் அந்தச் சாவகாசம் இல்லை. நான் சென்னையில் அனுபவிப்பது புழுக்கம். கரிசல் மண்ணின் வெக்கை உலர்ந்தது, வியர்வையையும் உடனே உறிஞ்சிவிடுவது. அந்த வேறுபாட்டை உடம்பில் உணர்த்தியது நாவல்தான்.” இதில் எது பெரிது என்ற தீர்ப்பு இல்லை. ஆனாலும் இதைப் படித்த என் நண்பர்கள் இருவருள் ஒருவர் படத்தையும் மற்றவர் நாவலையும் தேடிப் போனார்கள்.

திரையரங்கில் பார்ப்பவர்கள் இடைவேளையில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. நம் படங்கள் இடைவேளையை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன; அந்த இடத்தில் கதை எதைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தது என்பதைக் குறித்துக்கொண்டால், முடிவில் அது காப்பாற்றப்பட்டதா என்று ஒப்பிட முடியும். வீட்டில் ஓடிடியில் பார்ப்பவர்கள் எத்தனை அமர்வுகளில் பார்த்தார்கள் என்பதை நேர்மையாக எழுத வேண்டும். நடுவில் பால்காரருக்கும் கூரியருக்கும் எழுந்து போய்வந்துவிட்டு, படத்தில் ஓட்டம் இல்லை என்று எழுதுவது சரியாகாது.

பிடிக்காததைப் பற்றியும் எழுத வேண்டும். எல்லாமே பிடித்த பட்டியலில் எதன் பாராட்டுக்கும் எடை இல்லை. எழுதும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் படைப்பு என்ன செய்ய முயன்றது, அதைச் செய்ததா, அது செய்யத் தக்கதா. முதல் கேள்விக்கு விடை எழுத முடியவில்லை என்றால் மற்ற இரண்டுக்கும் போகாதீர்கள். பேய்ப் படத்தில் யதார்த்தம் இல்லை என்பதும், குழந்தைகளுக்கான கதையில் ஆழமான தத்துவம் இல்லை என்பதும் முதல் கேள்வியைக் கேட்காததால் வரும் குறைகள். நடிகரின் தோற்றம், எழுத்தாளரின் சாதி, அவருடைய குடும்ப வாழ்க்கை ஆகியவற்றுக்கு இந்த மூன்று கேள்விகளிலும் இடமில்லை. உங்களுக்கு வேண்டியவர் எழுதிய புத்தகம் என்றாலோ, இலவசமாக வந்த படி என்றாலோ அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் போடுவதை நான் விட்டுவிட்டேன். ஆனந்த விகடன் திரைப்படங்களுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் வழங்கி வந்ததும், அரை மதிப்பெண் வேறுபாட்டுக்குக்கூட வீட்டுத் திண்ணைகளில் வாதம் நடந்ததும் எனக்கு இனிய நினைவுகள். ஆண்டு முழுவதும் தொடர்ந்து பார்த்த ஒரு குழுவின் எண்ணுக்கு ஒப்பீட்டால் ஒரு பொருள் இருந்தது. ஒரு கோடையில் ஏழு படங்கள் பார்த்த எனக்கு அந்த ஒப்பீட்டுத் தளம் கிடையாது. அதற்குப் பதிலாக, இதை யாருக்குக் கொடுப்பேன் என்று எழுதுகிறேன். “வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆனவருக்கு”, “அண்ணனோடு பேச்சு நின்றுபோன தம்பிக்கு” என்று எழுதும்போது புத்தகத்தின் உள்ளே இருப்பது என்ன என்பதும் கூடவே வந்துவிடுகிறது. குழந்தைகளுக்குப் பரிந்துரைப்பதானால் தணிக்கைச் சான்றிதழையும் குறிப்பிடுங்கள்; யு/ஏ என்ற பிரிவு இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் பெற்றோருக்கு அது பயன்படும்.

மே கடைசி வாரத்தில் குறிப்பேட்டை முழுவதுமாகப் படித்து, கட்டுரையைத் தொகுக்கத் தொடங்கலாம். தேதி வரிசையில் எழுதாதீர்கள், அது நாட்குறிப்பாகிவிடும். எதைப் பற்றிப் பேச உங்கள் மனம் மிகவும் துடிக்கிறதோ அதில் தொடங்கி, அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள்; வேறு இரண்டுக்கு அரைப் பக்கம்; மற்றவற்றுக்கு இரண்டு வரிகள் போதும்; சொல்ல ஒன்றுமில்லாதவற்றைப் பெயர்கூடச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். எட்டுப் புத்தகங்களுக்கும் எட்டுச் சம அளவுப் பத்திகள் எழுதினால், உங்களுக்கு எது முக்கியம் என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போகும். கதைச் சுருக்கம் நான்கு வாக்கியங்களைத் தாண்டக் கூடாது. புதிய படைப்பானால் முதல் கால் பகுதிக்கு அப்பால் நடப்பதைச் சொல்லாதீர்கள். மிகப் பழைய படைப்புகளில் முடிவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், பேசப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசலாம். மொழிபெயர்ப்பு நூலானால் மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், நீங்கள் படித்த தமிழ் அவருடையது. விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்ட 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. மேற்கோளை நினைவிலிருந்து எழுதாமல், குறித்துவைத்த பக்க எண்ணைக் கொண்டு புத்தகத்தைத் திறந்து ஒற்றுப் பிழையின்றிப் பெயர்த்தெழுதுங்கள். பெயர்கள், வெளிவந்த ஆண்டுகள் எல்லாவற்றையும் புத்தகத்தின் உள்பக்கத்திலும் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் சரிபாருங்கள்.

எங்கள் வீட்டில், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்து, இரண்டு கட்டுரைகளையும் உரக்கப் படிக்கிறோம். தங்கை மகள் தன்னுடையதை முதலில் படிப்பாள். என்னுடையதை நான் படிக்கும்போது எந்த வாக்கியத்தில் மூச்சு வாங்குகிறதோ, எந்த இடத்தில் “யாரு பெரியம்மா அது?” என்று அவள் குறுக்கிடுகிறாளோ, அங்கே பென்சிலால் கோடிட்டுக்கொள்கிறேன். அந்தக் கோடுகளைத் திருத்தி எழுத எனக்கு அன்று இரவு போதுமானதாக இருக்கிறது.